மூக்கு நனைந்துவிட்டது

கீழக்கரிசல் கால்நடை மருந்தகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இசக்கிமுருகனைப் பார்த்தால் சிரிப்பு வரும். குட்டி கழிகிறது, கண் குழி விழுந்துவிட்டது என்று பதறிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். அவனோ குட்டியை வாங்கிச் சாக்குத் தொட்டிலில் வைத்து, வாசல் வேப்பமரக் கிளையில் மாட்டியிருக்கும் தராசில் தொங்கவிடுவான். முள் ஆடி நிற்கிறவரை ஒரு வார்த்தை பேசமாட்டான்.

"ஏய்யா, குட்டிய விக்கவா வந்திருக்கோம்? எட்டயபுரம் சந்தையில கூட ஆட்ட இப்படி நிறுக்க மாட்டானே!"

"சந்தையில கண்ணால மதிச்சிரலாம். இங்கன முடியாது" என்பான். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. நோட்டில் எழுதுவான்: வெள்ளாட்டுக் குட்டி, பெட்டை, ஒரு கிலோ எண்ணூறு.

அதோடு விடுவதில்லை. டாக்டரம்மா அளவு சொன்னதும், பாட்டிலின் மேலிருந்து கீழ்வரை வெள்ளைப் பிளாஸ்திரி ஒன்றை நீளமாக ஒட்டி, அதில் பேனாவால் கோடு போடுவான். கோட்டுக்குப் பக்கத்தில் மணி எழுதுவான். மருந்துத் தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டதும் குழாயின் உருளையைத் திருகி மூடிவிடுவான். பாட்டிலில் முக்கால் பங்கு மிச்சம் இருக்கும். அதைக் கழற்றி, ஊசியை வெட்டி, மிச்சத்தைக் கொட்டிவிடுவான். "மனுசனுக்கே ஊத்துத மருந்த மண்ணுல ஊத்துதீங்களே" என்று யாராவது வயிறெரிந்தால் அடுத்த குட்டியை வாங்கித் தராசில் வைப்பான்.

இப்படியாகத்தான் அவனுக்குக் 'கோடு' என்று பெயர் வந்தது. "கோடு வந்தாச்சா, இல்ல மதியம்தான் வருமா?" என்று கேட்கிறார்கள். பட்டப்பெயர் எல்லா ஊரிலும் உண்டு, அதை வைத்து யாரும் தூக்குப் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் அந்தப் பெயரை முதலில் சொன்னவர் சின்னக்கருப்பன். அவர் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அது மறந்துபோயிற்று. இசக்கிக்கு மறக்கவில்லை. 'கோடு' என்று யார் கூப்பிட்டாலும் ஒரு நொடி காது மடல் சுட்ட பிறகுதான் திரும்புவான்.

இசக்கிமுருகன் எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கத்துக்காரன். மானாவாரிக் குடும்பம். மழை பெய்தால் உளுந்தும் கம்பும், பெய்யாவிட்டால் கோவில்பட்டிக்குத் தீப்பெட்டி வேலைக்கு வண்டி ஏறுவது. அவனுடைய அக்கா மாரித்தாய் எட்டாவதோடு பள்ளியை நிறுத்திக்கொண்டு அந்த வண்டியில் ஏறியவள். அவனைவிட ஒன்பது வயது மூத்தவள். அவன் பன்னிரண்டாவதில் கால்நடை மருத்துவப் படிப்புக்கு வேண்டிய மதிப்பெண் எடுக்கவில்லை. கொஞ்சமாகக் குறைந்திருந்தால் வருத்தப்பட்டிருக்கலாம், நிறையவே குறைந்தது. இருபத்தாறு வயதில் கால்நடை பராமரிப்பு உதவியாளர் வேலை கிடைத்தது. மருந்தகத்தைத் திறந்து கூட்டுவது, ஊசியைக் கொதிக்க வைப்பது, மாட்டைப் பிடித்துக் கட்டுவது, கட்டுப் பிரித்துக் கட்டுவது. அதுதான் வேலை.

உத்தரவு வந்த அன்று மாரித்தாய் தன்னோடு பெட்டி அடைக்கிற அத்தனை பேருக்கும் கடலை மிட்டாய் கொடுத்து, "எந்தம்பிக்கு மாட்டு டாக்டர் ஆஸ்பத்திரியில வேல" என்று சொன்னாள். பொய் இல்லை. ஒரு வாரத்தில் அது 'மாட்டு டாக்டர் வேல' ஆயிற்று. பிறகு 'மாட்டு டாக்டர்.' அவளும் திருத்தவில்லை. கீழக்கரிசலில் ஆடு மேய்க்கிறவர்கள் "டாக்டரய்யா" என்று கூப்பிட்டபோது இவனும் திருத்தவில்லை. முதல் தடவை, "நான் டாக்டர் இல்ல, உதவியாளர்" என்று சொல்லத்தான் செய்தான். "அடக்கத்தப் பாரு" என்று அவர்கள் சிரித்தார்கள். இரண்டாம் தடவை பேசாமல் இருந்தான். மூன்றாம் தடவை அந்த வார்த்தை காதுக்கு நன்றாகவே இருந்தது.

நிஜமாகவே அவன் கையில் ஒரு சூட்சுமம் இருந்தது. வற்றிப்போன குட்டிக்குக்கூட நரம்பு பிடித்துவிடுவான். டாக்டர் செல்வலட்சுமிக்கு இரண்டு மருந்தகம் பொறுப்பு, வாரத்தில் மூன்று நாள்தான் இங்கே. அவரே, "ஊசிய நீங்க குத்துங்க இசக்கிமுருகன், எனக்கு மூணு குத்து ஆகும், உங்களுக்கு ஒண்ணு போதும்" என்பார். நரம்பைப் பிடிப்பது வேறு, பிடித்த நரம்பு வழியாக எவ்வளவு விடுவது என்பது வேறு. முதலாவது விரலுக்குத் தெரியும். இரண்டாவதுக்குக் கணக்குத் தெரிய வேண்டும். அந்த வித்தியாசம் அவனுக்குத் தெரியாமல் இல்லை. அதை நினைத்துப் பார்க்க வேண்டிய அவசியம் அதுவரை வரவில்லை, அவ்வளவுதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை. காற்று கரிசல் புழுதியை அள்ளி மருந்தகத்துச் சன்னல் கண்ணாடியில் அப்பிக்கொண்டிருந்தது. டாக்டர் பக்கத்து ஊரில் கோமாரித் தடுப்பூசி முகாமுக்குப் போயிருந்தார். காலை பத்தே முக்காலுக்குச் சின்னக்கருப்பன் ஒரு நார்ப்பெட்டியோடு வந்தார். கூடவே அவருடைய மகள் ரேணுகாதேவி, பின்னால் உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர்.

பெட்டிக்குள் கன்னி என்கிற வேட்டை நாய் இனத்துக் குட்டி. கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேல் இரண்டு செம்மண் பொட்டு, நீளக் கால். பிறந்து ஒன்றரை மாதம். சின்னக்கருப்பன் வீட்டில் கன்னிக் குட்டியை விற்கிற வழக்கம் இல்லை. கேட்டவருக்கும் கொடுப்பதில்லை. கட்டிக்கொடுக்கிற பெண்ணோடுதான் அனுப்புவார்கள். அவர் தங்கை போகும்போது ஒன்று போயிற்று, அத்தை போகும்போது ஒன்று. ரேணுகாவுக்கு ஆவணியில் கல்யாணம். ஐந்து குட்டியில் இரண்டுதான் பெட்டை. அதில் இதைத் தேர்ந்தெடுத்து அவளே 'மைனா' என்று பெயர் வைத்திருந்தாள். மைனா இரண்டு நாளாக வாந்தி எடுத்தது. அன்று விடிந்ததும் ரத்தமாகக் கழிந்திருந்தது.

"டாக்டரய்யா, எப்படியாச்சும் பொழைக்க வைங்க. எம்மக ராத்திரியிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல. குட்டி குடிக்காம தானும் குடிக்க மாட்டாளாம்" என்றார் சின்னக்கருப்பன்.

இசக்கி குட்டியின் பிடரித் தோலைக் கிள்ளி விட்டான். கிள்ளின மடிப்பு அப்படியே நின்றது. ஈறு ஒட்டிப்போயிருந்தது. மூக்கு காய்ந்து, வெடித்த கரிசல் மாதிரி கோடு கோடாக இருந்தது. டாக்டருக்குப் போன் போட்டான்.

"எடை என்ன?" என்று கேட்டார் செல்வலட்சுமி.

தராசு உள் அறையில் தீவன மூட்டைக்குப் பின்னால் இருந்தது. வாசலில் அத்தனை பேரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் என்றால் பார்த்ததும் சொல்ல வேண்டாமா? நீளக் காலைப் பார்த்தான். "நாலு கிலோ இருக்கும் மேடம்" என்றான்.

"அப்ப ஆர்.எல். சலைன் பாட்டில் போடுங்க. வெதுவெதுப்பா இருக்கணும். சின்னச் சொட்டுக் குழாய்லதான் விடணும். முதல் ஒரு மணி நேரத்துக்கு எம்பது மில்லி, அதுக்கு மேல ஒரு சொட்டு கூடாது. நான் ஒரு மணிக்குள்ள வந்துருதேன்."

சின்னச் சொட்டுக் குழாய் தீர்ந்துபோயிருந்தது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடுகிற பெரிய குழாய்தான் இருந்தது. அதை மெதுவாக விட்டால் சரியாகிவிடும் என்று எடுத்துக்கொண்டான். பாட்டிலை வெயில் பட்ட சிமெண்டுத் திண்டில் ஐந்து நிமிடம் வைத்துச் சூடாக்கினான். முன்னங்காலில் மயிரை மழித்தான். நரம்பு நூல் மாதிரி இருந்தது. ஒரே குத்து. குழாயில் ரத்தம் எட்டிப் பார்த்தது. "பாத்தியா கைய!" என்று யாரோ சொன்னார்கள். பாட்டிலை வேப்பங்கிளையில் தொங்கவிட்டபோது மணி பதினொன்று பத்து.

முதல் கால் மணி நேரம் சரியாகத்தான் விட்டான். சொட்டு விழுவதைக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினான். கூட்டம்தான் பொறுக்கவில்லை.

"என்ன டாக்டரய்யா, அரிசிப் பானையில ஓட்ட விழுந்த மாதிரி சொட்டு சொட்டா விழுது? எம்பொண்டாட்டிக்குக் கோவில்பட்டியில குளுக்கோஸ் ஏத்துனப்ப சரசரன்னு எறங்குச்சே" என்றார் ஒருவர்.

"அவளுக்கு முழு பாட்டில் ஏத்துனாங்கல்லா. அப்புறம்தான எந்திரிச்சு நடந்தா" என்றாள் ஒரு பெண்.

"பாட்டில் முழுக்க எறங்குனாத்தான் அது வைத்தியம். பாதியில கழத்துனா அரைகுறை. வயித்துப் பிள்ளைக்காரிய அரைச் சோத்துல எழுப்புத மாதிரி."

அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் அது ஒரு தீர்மானம். காய்ச்சலோ கழிச்சலோ, பாட்டில் தொங்க வேண்டும். தொங்கினது காலியாக வேண்டும். காலிப் பாட்டிலை நான்கு பேர் பார்க்க வேண்டும். பாதியில் நிறுத்துகிற வைத்தியர் கைராசி இல்லாதவர்.

ரேணுகா மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். குட்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "முழுசும் ஏத்திருவீங்கல்ல, டாக்டர்?" என்று மட்டும் கேட்டாள்.

இசக்கி உருளையைத் தள்ளினான். ஒரு தடவை, கொஞ்சமாக. பிறகு இன்னொரு தடவை. சொட்டு கோடாயிற்று. ஏன் தள்ளினாய் என்று பிற்பாடு தன்னையே எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டான். கூட்டம் சொன்னதால் அல்ல. 'டாக்டர்' என்ற சொல்லால். டாக்டர் என்று கூப்பிட்டுவிட்டு ஒருத்தி கேட்கும்போது, போனில் இன்னொரு டாக்டர் சொன்ன எண்பது மில்லி அவன் வாயில் வரவில்லை.

பதினொன்று ஐம்பதுக்கு மைனா தலையைத் தூக்கியது. இரண்டு நாளாகத் தூக்காத தலை. மூக்கு பளபளவென்று நனைந்திருந்தது.

"மூக்கு நனைஞ்சிருச்சு!" என்று சின்னக்கருப்பன் கத்தினார். "ஏட்டி, மூக்கப் பாருட்டி! நனைஞ்சிருச்சு!"

நாய்க்கும் மாட்டுக்கும் மூக்கு காய்ந்தால் நோவு, நனைந்தால் சுகம். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ரேணுகா இரண்டு கையையும் வாயருகில் குவித்துக் குலவை விட்டாள். கூட வந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ரோட்டில் போன பால்காரர் வண்டியை நிறுத்தி என்ன விசேஷம் என்று கேட்டார். இசக்கி போனை எடுத்து, பாட்டிலும் குட்டியும் ரேணுகாவின் சிரிப்பும் தெரிகிற மாதிரி ஒரு படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினான். மாரித்தாய் அதை உடனே ஸ்டேட்டஸில் வைத்தாள்: 'என் தம்பி டாக்டர் காப்பாற்றிய உயிர்.'

பன்னிரண்டு ஐந்துக்குப் பாட்டில் காலி. ஐந்நூறு மில்லி. கூட்டம் திருப்தியாகப் பார்த்தது.

மூக்கிலிருந்து வந்தது நிற்கவில்லை. முதலில் தெளிவாக ஒழுகியது, பிறகு நுரைத்தது. நுரை மெல்ல இளஞ்சிவப்பாயிற்று. குட்டி கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, விலா ஒடிகிற மாதிரி மூச்சு வாங்கியது. இருமியபோது தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அப்போதுதான் இசக்கிக்குப் புரிந்தது. உருளையை மூட ஓடினான். மூடுவதற்குப் பாட்டிலில் எதுவும் இல்லை. தலைகீழாகப் பிடித்தான், நெஞ்சைத் தட்டினான். பன்னிரண்டு நாற்பதுக்கு மைனா அடங்கிவிட்டது.

யாரும் அவனை ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது.

"நீங்க என்ன செய்வீங்க டாக்டரய்யா. ஒரு பாட்டில் முழுசா ஏத்துனீங்க. தலையத் தூக்கிக் காமிச்சிட்டுப் போயிருச்சு. அதுக்கு அம்புட்டுதான்" என்று சின்னக்கருப்பன் அவன் கையைப் பிடித்துச் சொன்னார். ரேணுகா அழுதுகொண்டே அவனுக்குக் கும்பிடு போட்டாள்.

அவர்கள் குட்டியைப் புதைக்கக் கொண்டுபோவதற்குள் செல்வலட்சுமி வந்துவிட்டார். மரத்தில் தொங்கிய காலிப் பாட்டிலைப் பார்த்தார். குட்டியை ஒரு கையால் தூக்கினார். அவன் முகத்தைப் பார்த்தார். கூட்டத்துக்கு முன்னால் எதுவும் கேட்கவில்லை. "கொஞ்சம் உள்ள கொண்டாங்க, பாத்துட்டுத் தாரேன்" என்று மட்டும் சொன்னார். உள்ளே போனதும் தீவன மூட்டைக்குப் பின்னாலிருந்து தராசை எடுத்துத் தந்தார்.

"வைங்க."

இரண்டு கிலோ நானூறு.

"ஏத்துன தண்ணியோட இது. உயிரோட வந்தப்ப ரெண்டு கிலோதான் இருந்திருக்கும்." குரலை உயர்த்தவில்லை. "காஞ்சு கெடக்குதுன்னு மொத்தத்தையும் ஒரேயடியா ஊத்துனா ரத்தக் குழாய் எங்கன வச்சுக்கிடும்? ஒழுகி நுரையீரலுக்குள்ளதான் எறங்கும். இந்த நோயில எப்படியும் செத்திருக்கலாம், பிழைச்சும் இருக்கலாம். அது இனிமே தெரியாது." குட்டியை இறக்கித் துணியால் மூடினார். "பெரிய குழாய்தான் இருக்குன்னு நீங்க எனக்குச் சொல்லியிருக்கணும். முகாமுக்குப் போகுமுன்ன நானும் அலமாரியப் பாத்திருக்கணும். வெளிய நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீங்க சொல்றது உங்க இஷ்டம்."

அவன் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் மாரித்தாய்க்குப் போன் போட்டு ஸ்டேட்டஸை எடுக்கச் சொன்னான். "ஏம்லே, நல்லாத்தான இருக்கு? எம்பத்திமூணு பேர் பாத்திருக்காவ. எங்க மேஸ்திரி கூடப் பாத்துட்டு, ஒந்தம்பி கைராசிக்காரன்னு சொன்னாரு" என்றாள்.

"எடுத்துரு, அக்கா."

"குட்டி நல்லாருக்குல்லா?"

"எடுத்துரு." போனை வைத்துவிட்டான்.

அடுத்த நான்கு நாளும் அவன் பெயர் ஊரில் ஏறிக்கொண்டே போனது. டீக்கடையில் அவனுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். "செத்துப்போற குட்டிய எந்திரிக்க வச்சு மூக்க நனைய வச்ச கையில்லா" என்று ஒருவர் அவன் கையைத் தூக்கி மற்றவருக்குக் காட்டினார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். சாப்பிட உட்கார்ந்தால் சோற்றில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் ஆகவில்லை. அந்த இருமல் கேட்டது.

திங்கட்கிழமை காலை நார்ப்பெட்டி மறுபடியும் வந்தது. இரண்டாவது பெட்டைக் குட்டி. மைனாவுக்குப் பதில் ரேணுகாவோடு அனுப்ப இதைத்தான் வைத்திருந்தார்கள். ஒரே ஈற்று, ஒரே நோய். அதே வாந்தி, அதே ரத்தம். அன்று டாக்டர் இருந்தார். நல்ல வேளை என்று இசக்கி பெருமூச்சு விட்டான். அந்த நிம்மதி கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை.

செல்வலட்சுமி எடை போட்டார். ஒரு கிலோ தொள்ளாயிரம். கோவில்பட்டியிலிருந்து தானே வாங்கி வந்த சின்னச் சொட்டுக் குழாயை எடுத்து, "முதல் ஒரு மணி நேரத்துக்கு நாப்பது. அப்புறம் பாத்துப் பாத்து, சாயங்காலத்துக்குள்ள எல்லாம் சேத்து இருநூறு" என்றார்.

சின்னக்கருப்பன் பாட்டிலையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐந்நூறு பாட்டில்ல நாப்பதா?"

"ஆமாய்யா. சின்னக் குட்டி."

"அன்னிக்கி டாக்டர் தம்பி முழு பாட்டிலும் ஏத்துனாரு. குட்டி தலையத் தூக்குச்சு, மூக்கு நனைஞ்சுச்சு. இத்தன பேர் கண்ணால பாத்தோம். நீங்க என்னம்மா மருந்துக்குக் கஞ்சத்தனம் பண்ணுதீங்க? நாய்க்குத்தானன்னு நெனச்சீங்களோ?"

"அப்படி இல்லய்யா..."

"கவர்மெண்டு மருந்த மிச்சம் பிடிச்சு எங்க கொண்டுபோவீங்க?"

கூட்டம் முணுமுணுத்தது. செல்வலட்சுமியின் முகம் சிவந்துவிட்டது. புதன்கிழமை நடந்ததைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும் அவருக்கு. சொல்லவில்லை. இசக்கியைப் பார்க்கக்கூட இல்லை. மேசையில் பஞ்சைக் கிழித்துக்கொண்டே இருந்தார்.

சின்னக்கருப்பன் பெட்டியைத் தூக்கினார். "வா ரேணுகா. எட்டயபுரத்துல ஒருத்தர் முழு பாட்டில் ஏத்துவாராம். இல்ல, டாக்டர் தம்பி, நீங்களே போடுங்க. உங்க கைதான் ராசி. அன்னிக்கி மாதிரியே போடுங்க."

நார்ப்பெட்டியை அவனிடம் நீட்டினார். குட்டி உள்ளே ஒரு கந்தல் துணி மாதிரிக் கிடந்தது. மூக்கு காய்ந்திருந்தது.

பேசாமல் வாங்கிக்கொண்டு, டாக்டர் சொன்னபடியே நாற்பதைப் போட்டுவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. நாற்பதில் நிறுத்தினால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். எட்டயபுரத்தில் அந்த 'ஒருத்தர்' எப்படி ஏற்றுவார் என்று அவனுக்குத் தெரியும், ஏனென்றால் புதன்கிழமை அந்த ஒருத்தராக அவனே இருந்தான்.

"அண்ணாச்சி," என்றான். பெட்டியை வாங்கவில்லை. மறுபடியும், "அண்ணாச்சி, அன்னிக்கி மூக்கு நனைஞ்சது சுகமாகி இல்ல."

"என்ன?"

"அது நெஞ்சுக்குள்ள நெறஞ்ச தண்ணி. நான் ஏத்துன தண்ணி. டாக்டர் போன்ல எம்பதுதான் சொன்னாங்க. நான் ஐந்நூறும் விட்டுட்டேன். எடையும் போடல, கண்ணால பாத்து நாலு கிலோன்னு சொல்லிட்டேன். ரெண்டுதான் இருந்துச்சு. மூக்கு வழியா வந்தது அந்தத் தண்ணிதான். அதுலதான் மூச்சு முட்டிச் செத்துச்சு."

அவன் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. "நான் டாக்டர் இல்ல அண்ணாச்சி. உதவியாளர். மாடு பிடிக்கிறவன்."

சின்னக்கருப்பன் அவனை அடிப்பார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் கை ஓங்கவில்லை. ஏதோ கணக்குத் தப்பின மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"அப்ப எம்மக குலவை விட்டாளே," என்றார். "அது எதுக்கு?"

ரேணுகா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். அவள் தோள் குலுங்கியது. கூட்டத்தில் ஒருத்தரும் நிமிரவில்லை, ஏனென்றால் அவர்களும்தான் குலவை விட்டிருந்தார்கள்.

ரொம்ப நேரம் கழித்துச் சின்னக்கருப்பன் நார்ப்பெட்டியை டாக்டரின் மேசையில் வைத்தார். "நாப்பதுன்னா நாப்பது, தாயி" என்றார். பிறகு இசக்கியைச் சுட்டி, "அந்தாளு தொடக் கூடாது" என்றார்.

செல்வலட்சுமி ஊசியை எடுத்தார். ஒரு குத்து, இரண்டு, மூன்று. வற்றின நரம்பு நழுவி நழுவிப் போனது. நான்காவது தடவை குட்டி முனகியபோது ரேணுகா, "அவரே குத்தட்டும்ப்பா" என்றாள். "குத்த மட்டும். அளவ நான் பாக்கேன்."

இசக்கி குத்தினான். நரம்பு கிடைத்தது. இந்த முறை கையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. டாக்டர் பாட்டிலில் பிளாஸ்திரியை ஒட்டினார். பேனாவை ரேணுகா வாங்கிக் கோடு போட்டாள். "போடு, நல்லா தடிமனா போடு. கோட்டத் தாண்டுச்சுன்னா கைய ஒடிச்சிருவேன்னு சொல்லு அந்தக் கோட்டு டாக்டர்கிட்ட" என்றார் சின்னக்கருப்பன். அப்போது விழுந்த பெயர்தான் அது. 'டாக்டர்' நாளடைவில் உதிர்ந்துபோய்க் 'கோடு' மட்டும் நின்றது.

நான்கு நாள் வந்தார்கள். காலையில் வந்து மரத்தடியில் உட்கார்ந்து, சாயங்காலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். இசக்கி ஒவ்வொரு கால் மணிக்கும் குட்டியின் மூச்சை எண்ணினான். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்க டாக்டர் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார். எத்தனை தடவை கழிந்தது, எத்தனை தடவை மூத்திரம் போனது எல்லாம் நோட்டில் ஏறியது. உள்ளே போனதும் வெளியே வந்ததும் சரியாக இருக்க வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மூன்றாம் நாள் குட்டி நக்கிக் குடித்தது. நான்காம் நாள் பெட்டியை விட்டு இறங்கித் தள்ளாடி நடந்து, மரத்தடியில் மூத்திரம் பெய்தது. குலவை எதுவும் இல்லை. சின்னக்கருப்பன் பெட்டியை எடுத்துக்கொண்டு டாக்டரைக் கும்பிட்டார். அவனைத் தாண்டி நடந்தார்.

கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. உறையின் மேல் 'இசக்கிமுருகன், கால்நடை உதவியாளர்' என்று எழுதியிருந்தது. லீவு நாளில் அவனைப் பார்க்க வந்திருந்த மாரித்தாய் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னலே, டாக்டர்னு போடல?" என்றாள்.

அன்றுதான் அவளுக்குச் சொன்னான். ஆரம்பத்திலிருந்து, மணி மணியாக. கடைசியில், "எம்பதுன்னு சொன்ன எடத்துல ஐந்நூறா?" என்று மட்டும் கேட்டாள். பெட்டியில் ஐம்பது குச்சி என்றால் ஐம்பதுதான் அடைப்பவள் அவள். ஒன்று கூடினாலும் எண்ணி எடுத்துவிட்டு மறுபடி அடைப்பாள். "ஆமா" என்றான். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே, "நான்தாம்லே மொதல்ல சொன்னேன், டாக்டர்னு" என்றாள். கடலை மிட்டாய் கொடுத்த அத்தனை பேரிடமும் அடுத்த வாரம் அவள் திருத்திச் சொன்னாள் என்று பிற்பாடு அவனுக்குத் தெரியவந்தது.

கல்யாணத்துக்குப் போவதா வேண்டாமா என்று முகூர்த்த நேரம் வரை யோசித்துவிட்டுப் போனான். பந்தலின் ஓரத்தில், செருப்பு கிடக்கிற இடத்தில் நின்றான். மணப்பெண் பக்கத்தில் சிவப்புக் கயிறு கட்டிய குட்டி. இந்தக் குட்டிக்கு ரேணுகா பெயர் வைக்கவில்லை. 'குட்டி' என்றே கூப்பிட்டாள். தாலி கட்டி முடிந்ததும் கயிற்றை உருவிக்கொண்டு அது பந்தலுக்குள் ஓடியது, ஒவ்வொருவர் காலையும் மோந்தது, கடைசியில் அவனிடம் வந்தது. தொங்கவிட்டிருந்த அவன் கையில் மூக்கை வைத்தது.

ஈரம். சில்லென்று.

அவன் சுட்டுவிட்ட மாதிரிக் கையை இழுத்துக்கொண்டான். உள்ளங்கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நுரை இல்லை. சிவப்பு இல்லை. வெறும் நாய் மூக்கின் ஈரம். இருந்தும் நம்பிக்கை வரவில்லை. அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குட்டியின் விலாவில் கண் வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தான். மேளம் அடித்தது. யாரோ அவன் முதுகில் இடித்துக்கொண்டு பந்திக்கு ஓடினார்கள்.

எண்ணி முடித்து நிமிர்ந்தபோது சின்னக்கருப்பன் முன்னால் நின்றார். தோளில் புதுத் துண்டு.

"எண்ணியாச்சா?"

"இருபத்தினாலு."

"சரியான கணக்கா?"

"சரிதான், அண்ணாச்சி."

அவர் குட்டியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். வாங்க என்று சொல்லவில்லை. டாக்டர் என்றும் சொல்லவில்லை.

"அப்ப சாப்பிட வா" என்றார்.